பொலிகாளையும் நுண்ணோக்கியும்

சிற்றூர்த் தொழுவத்தில் ஒரு பசுவுக்குப் போடப்படும் சினை ஊசியின் பலன், அங்கிருந்து வெகுதொலைவிலுள்ள உறைவிந்து நிலையத்தின் ஆய்வுக்கூடத்திலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் ஓசூர், உதகமண்டலம், ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் அரசுக் கால்நடைப் பண்ணைகளை ஒட்டி இத்தகைய நிலையங்கள் அமைந்துள்ளன. வெயிலில் காளை சோர்ந்துவிடும் என்பதால், விந்து சேகரிப்புப் பணி காலைக் குளிர்ச்சியிலேயே நடக்கிறது.

கழுவித் துடைக்கப்பட்ட பொலிகாளை, சட்டத்துக்குள் கட்டி நிறுத்தப்பட்ட மற்றொரு மாட்டின் அருகே கொண்டுவரப்படுகிறது. அது தாவியதும் விந்தெடுப்பதில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருப்பவர் இரண்டு மூன்று முறை அதைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறார். பொய்யேற்றம் எனத்தக்க இந்தத் தடுப்பினால் விந்தணுக்களின் எண்ணிக்கை கூடுகிறது. பின்னர், ஏறத்தாழ 42 முதல் 45 பாகை செல்சியஸ் வெந்நீர் நிரப்பிய இரப்பர் உறையுள்ள செயற்கைப் புணர்குழாயைச் சேகரிப்பவர் காளையின் விலாவை ஒட்டி நின்று ஏந்துகிறார். ஒரே உந்தலில் எல்லாம் முடிந்துவிடும். அரை டன்னுக்கு மேல் எடையுள்ள விலங்கின் அருகில், குழாயின் சூடும் அழுத்தமும் சாய்வும் பிசகாமல் அந்தக் கணத்துக்குக் காத்து நிற்கும் இவரது திறமை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்பது வியப்புக்குரியது.

சேகரித்த குழல் சிறு சாளரம் வழியாக ஆய்வுக்கூடத்துக்குள் சென்று வெந்நீர்த் தொட்டியில் வைக்கப்படுகிறது. முதற்சோதனை வெறுங்கண்ணாலேயே நடக்கிறது: பாலேடு போன்ற வெண்மை நல்லது; இளஞ்சிவப்பு நிறம் இரத்தம் கலந்திருப்பதைக் காட்டும். அடுத்து, சூடாக்கிய கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்துக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கும்போது விந்தணுக்கள் தனித்தனியே தெரியாமல் சுழிக்கும் அலைகளாகப் புலப்படுகின்றன. அலையின் வேகத்துக்கேற்ப மதிப்பெண் இடும் இதனைத் திரள் இயக்கம் என்பர். பின்னர் நீர்த்த துளியை உயர் உருப்பெருக்கத்தில் நோக்கி, நேராக முன்னேறும் அணுக்களின் பங்கு கணிக்கப்படுகிறது. பொதுவாக 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அந்தச் சேகரிப்பு கழிக்கப்படும். இது கண்மதிப்பு என்பதால் ஆளுக்கு ஆள் வேறுபடும். கணினி வழி அளவீடு வந்தபின்னும் அனுபவசாலியின் கண்ணுக்குரிய மதிப்பு போய்விடவில்லை.

ஒளியளவி அடர்த்தியைத் தருகிறது. 6 மில்லிலிட்டர் விந்தில் மில்லிலிட்டருக்கு 100 கோடி அணுக்கள் இருந்தால், விந்து அடைக்கும் குச்சி ஒன்றுக்கு 2 கோடி வீதம் 300 குச்சிகள் கிடைக்கும். முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் கலந்த நீர்ப்பி சேர்த்து, 0.25 மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குச்சிகளில் அடைத்து, குளிரவைத்து, திரவ நைட்ரஜன் ஆவியில் உறையவைக்கின்றனர். கிளிசரால் உறைதலின் சேதத்தைக் குறைப்பது 1949இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டிராவிட்டால் இத்தொழிலே எழுந்திராது.

கடுமையான வடிகட்டல் உறைந்தபின் வருகிறது. மாதிரிக் குச்சிகளை 37 பாகை நீரில் உருக்கிப் பார்க்கையில் பாதி அணுக்களாவது முன்னேறினால்தான் அத்தொகுதி ஏற்கப்படும். புதிதாக எடுத்தபோது நன்றாக இயங்கிய கலப்பினக் காளைகளின் விந்து இங்கே தோற்பது அரிதன்று. காரணத்தை அன்றைய நாளில் மட்டும் தேடிப் பயனில்லை. விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாட்கள் ஆவதால், கோடை வெப்பத்தின் பாதிப்பு வாரங்கள் கடந்தே நுண்ணோக்கியில் தலைகாட்டும்.

தேறிய குச்சிகள் திரவ நைட்ரஜன் கலனில் மைனஸ் 196 பாகையில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். எனினும் கிளை நிலையத்தில் நைட்ரஜன் வற்றினாலோ, குச்சியைத் தேடும் அவசரத்தில் கலனின் வாய்க்கு மேல் அதிக நேரம் தூக்கிப் பிடித்தாலோ, ஆய்வுக்கூடம் கணித்த பாதி மேலும் குறைந்துவிடும். சினை பிடிக்காதபோது உழவர் பசுவைக் குறைகூறுவார், அல்லது காளையை. கலனில் எவ்வளவு நைட்ரஜன் இருந்தது என்று கேட்பவர் அரிது.