மாடிப்படிக்கு கிலோ என்ன ரேட்டு?

நம்ம தொழில்ல ஃபோனை எடுத்தா வர்ற முதல் கேள்வி இதுதான். தக்காளி விலை கேட்கிற மாதிரியே கேட்பாங்க. கேட்கிறவங்களைத் தப்பு சொல்ல முடியாது. கேட்டு, கிரில்லு, ஷெட்டு எல்லாமே காலங்காலமா கிலோ கணக்குலதான் ஓடிக்கிட்டிருக்கு. ஆனா இரும்புச் சட்டமும் தேக்குப் பலகையும் சேர்ந்த மாடிப்படிக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. ஏன்னு கொஞ்சம் விலாவரியா எழுதிடலாம்னுதான் இந்தப் பதிவு. வீடு கட்டிக்கிட்டிருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க. மத்தவங்க நடுவுல கூட்டல் கழித்தல் வர்ற இடத்துல ஒரு டீ சாப்பிட்டுட்டு வரலாம் :-)

கோவையில சின்னதா ஒரு வெல்டிங் பட்டறை நம்முது. நான், ஒரு ஃபிட்டர் அண்ணன், ஒரு ஹெல்ப்பர் தம்பி. அவ்வளவுதான் கம்பெனி. மர வேலைக்கு வெளியில இருந்து ஒரு ஆசாரி வருவார்.

முதல்ல கிலோ கணக்குல என்ன கோளாறுன்னு பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் இரும்பு பிளேட், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. அப்ப 10 மிமீ பிளேட் சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. அதையே 12 மிமீ ஆக்கினா 94.2 கிலோ. வெட்டறது, சேர்க்கறது, பத்த வைக்கிறது எல்லாம் ஏறக்குறைய அதே வேலைதான். பில்லு மட்டும் 20 சதவீதம் ஏறும். கிலோவுக்குக் காசு குடுத்தா, கனமா செய்யறவனுக்குத்தான் லாபம். மூளையைச் செலவு பண்ணி எடையைக் குறைச்சவனுக்கு நஷ்டம்.

இன்னொண்ணு. படியில வெல்டிங் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதைக் கையால தடவினா வழுவழுன்னு இருக்கிற மாதிரி கிரைண்டிங் பண்ணணும். பாதி நேரம் அதுலதான் போகும். கிரைண்டிங் பண்ணப் பண்ண இரும்பு தேயும், எடை குறையும். கிலோ கணக்குப்படி பார்த்தா அந்த வேலைக்கு நான்தான் வீட்டுக்காரருக்குக் காசு தரணும், ஹிஹி.

சரி, அப்ப எப்படித்தான் விலை போடறது? ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். ரேட்டெல்லாம் புரியறதுக்காகப் போட்டது. ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். முறையை மட்டும் பாருங்க.

கீழ்த்தளத்துல இருந்து மேல்தளத்துக்குப் பத்தரை அடி, அதாவது 3200 மிமீ. 18 ஏற்றமா பிரிச்சா ஒரு படி உயரம் 178 மிமீ வரும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016 வீட்டுக்கு 190 வரைக்கும் போகலாம்னு சொல்லுது, நாம உள்ளதான் இருக்கோம். கால் வைக்கிற அகலம் 270 மிமீ. படி உயரத்தை ரெண்டால பெருக்கி, அகலத்தைக் கூட்டினா 600ல இருந்து 640க்குள்ள வரணும்னு ஒரு விதி உண்டு. 17ம் நூற்றாண்டுல பிளாண்டெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்ன விதி, இன்னிக்கும் அதேதான். நமக்கு 626 வருது. முட்டி வலிக்காது.

நடுவுல ஒரு திருப்பம், அங்க ஒரு லேண்டிங். ஆக 16 மிதிபலகை. மூணு அடி நீளம், 11 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம். பதினாறுக்கும் சேர்த்து 5.5 கன அடி. லேண்டிங் மூணுக்கு மூணு, அது ஒரு 1.1 கன அடி. அறுத்து இழைக்கிறதுல கழிவு கால் பங்கு போகும். ஆக எட்டே கால் கன அடி வாங்கணும். கன அடி 4,000னு வைங்க, 33,000 ரூபாய்.

இரும்பு ரெண்டு பக்க பிளேட், லேண்டிங் சட்டம், கைப்பிடி எல்லாம் சேர்த்து 400 கிலோ. கிலோ 70னா 28,000. பாருங்க, கிலோவுக்கு என்ன ரேட்டுன்னு எல்லாரும் கேட்கிற அந்த இரும்பு, மரத்தை விடக் கம்மி!

இப்பதான் மேட்டரே வருது. ஆள் நாள். அளவெடுத்துப் படம் போட 1, வெட்டி வெல்டிங் பண்ண 8, கிரைண்டிங் 6, பிரைமர் பெயிண்ட் 2, சைட்ல ஏத்தி நிறுத்த 6. மொத்தம் 23 ஆள் நாள். சராசரி கூலி 1,000னா 23,000. (இதுல என் கூலியும் உண்டு. முதலாளின்னு சொல்லிக்கிட்டு சொந்த உழைப்பைக் கணக்குல சேர்க்காம விடறவங்க நம்ம தொழில்ல நிறையப் பேர்.) ஆசாரிக்கு 10 நாள், 12,000. வெல்டிங் ராடு, கட்டிங் வீல், பெயிண்ட், ஆங்கர் போல்ட்டுக்கு 9,000. பாலிஷ் சாமான் 5,000. குட்டியானை ரெண்டு நடை, 4,000.

பட்டறை வாடகை, கரண்ட், மெஷின் தேய்மானம்னு மாசம் 45,000 ஆகுதுன்னு வைங்க. மூணு பேர், 25 நாள், 75 ஆள் நாள். ஒரு ஆள் நாளுக்கு 600 ரூபாய் பட்டறை செலவு. 23 நாளுக்கு 13,800. சுவர் கோணல், டைல்ஸ் போட்டதும் தரை உயரம் மாறிடுச்சு, இந்த மாதிரி சமாச்சாரங்களுக்கு ஏறக்குறைய 5 சதவீதம், 6,400. கூட்டினா 1,34,200.

லாபம் 20 சதவீதம். இங்கதான் நிறையப் பேர் வழுக்கி விழறாங்க. செலவு மேல 20 சதவீதம் போட்டா 1,61,040 வரும். ஆனா அதுல லாபம் விற்கிற விலையில 20 இல்ல, 16.67 சதவீதம்தான். நூத்துக்கு இருபது கையில நிக்கணும்னா 0.8ஆல வகுக்கணும். 1,67,750. வித்தியாசம் 6,710 ரூபாய். ஒரு ஆளோட ஒரு வாரக் கூலி அது.

நிற்க.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் இந்த மாதிரி ஒரு படிக்குத்தான் கொட்டேஷன் கேட்டார். குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தாளோட வந்தார். "தம்பி, இவங்க 1,05,000 சொல்றாங்க. நீங்க ஏன் இவ்வளவு ஜாஸ்தி?"

ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சோம். அதுல தேக்குன்னு இருந்துச்சு, கனம் எவ்வளவுன்னு இல்ல. பாலிஷ் இல்ல. ஏத்துக்கூலி தனி. கிரைண்டிங் பத்தி பேச்சே இல்ல. பலகையை எப்படி மாட்டுவாங்கன்னும் இல்ல. மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், அதுவும் குறுக்குவாட்டுல. அதனால அடியில இருக்கிற பட்டையில நீள ஓட்டை போட்டு, நகர்றதுக்கு இடம் விட்டுத்தான் திருகணும். இறுக்கி முடுக்கினா ஒரு கோடையிலயே பலகை பிளந்துக்கும். நீள ஓட்டை போட நேரம் ஆகும். நேரத்துக்கு எடை இல்லையே!

"கூலியைக் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா தம்பி?"ன்னார்.

"சார், ஒரு ஆள் நாளுக்கு நூறு ரூபாய் குறைச்சாலும் உங்களுக்கு மிச்சம் 2,300தான். ஆனா எங்க ஃபிட்டர் அண்ணன் அடுத்த வாரமே வேற பட்டறைக்குப் போயிடுவார். அப்புறம் உங்க படியை யார் செய்யறது?"

அவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் அந்தப் பக்கம் கண்ணாடி மாட்டிக்கிட்டு யார் வீட்டுக் கேட்டையோ தேய்ச்சுக்கிட்டிருந்தார். வாத்தியார் அதுக்கப்புறம் கூலியைப் பத்திப் பேசல.

நான் ஒண்ணு சொன்னேன். "விலையை மட்டும் குறைக்க முடியாது சார். வேலையைக் குறைக்கலாம்." உட்கார்ந்து யோசிச்சோம். லேண்டிங்குக்குத் தேக்கு வேண்டாம், அவர் வீட்டுல மிச்சமிருந்த கிரானைட் பலகை போதும்: 5,600 மிச்சம். சுவர்ப் பக்கமும் அடிப்பக்கமும் யார் கண்ணுக்கும் படாது, அங்க கிரைண்டிங் வேண்டாம்: மூணு ஆள் நாள், பட்டறை செலவோட 4,800. பாலிஷை அவரோட பெயிண்டரே பண்ணிக்கட்டும்: சாமான் 5,000, ஆசாரி கூலி 3,600. மொத்தம் 19,000 செலவு குறையுது. அதையும் 0.8ஆல வகுத்தா 23,750. புது விலை 1,44,000. வீட்டம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன்னு போனவர், மறுநாள் அட்வான்ஸோட வந்தார்.

பலகை கனம், படி அளவு, கைப்பிடிக் கம்பிக்கு இடையில நாலு அங்குல இடைவெளி, இதுல மட்டும் நான் கை வைக்க விடல. பேரப்பிள்ளைங்க ஏறி இறங்கற படி. அழகைக் குறைக்கலாம், பத்திரத்தைக் குறைக்கக் கூடாது.

கொட்டேஷன் அடியில "15 நாள் மட்டும் செல்லும்"னு போடறதுக்கும் நிறையப் பேர் கோவிச்சுக்குவாங்க. 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் இரும்பு விலை எகிறினது ஞாபகம் இருக்கா? அந்த மே மாசம் மத்திய அரசு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது, நவம்பர்ல எடுத்துட்டாங்க. எங்கயோ குண்டு விழுந்தா இங்க பிளேட் விலை ஏறுது. நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?

ஆகவே மக்களே, மாடிப்படிக்கு விலை கேட்கப் போனா கிலோ ரேட்டைக் கேட்காதீங்க. இந்த அஞ்சைக் கேளுங்க. பலகை என்ன மரம், என்ன கனம்? எந்தெந்த வெல்டிங்கைத் தேய்ப்பீங்க? பலகையை எப்படி மாட்டுவீங்க? ஏத்துக்கூலியும் வண்டியும் இதுல சேர்ந்ததா? 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளயா, வெளியயா? அஞ்சுக்கும் எழுத்துல பதில் வந்தா, அந்தத் தாளை நம்பி மத்த தாளோட ஒப்பிட்டுப் பாருங்க.

டிஸ்கி: இந்தக் கணக்கை அப்படியே கொண்டு போய் உங்க ஊர் பட்டறைக்காரர்கிட்ட "ஆள் நாளுக்கு ஆயிரம்தானாமே"ன்னு சண்டை போட்டா கம்பெனி பொறுப்பல்ல!