மண்ணையும் மணக்கச் செய்யும் கன்னோஜ்

கண்டதை எழுதுவது எளிது. கேட்டதையும் ஒருவாறு எழுதிவிடலாம். முகர்ந்ததை எழுத முற்படும்போதுதான் சொற்கள் துணைக்கு வரத் தயங்குகின்றன. ஆயினும், மணத்தையே தொழிலாகவும் வாழ்வாகவும் கொண்ட ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்தபின், அதைப் பற்றி வாசக அன்பர்களுக்குச் சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

சென்ற கோடையில் அலுவல் நிமித்தம் கான்பூருக்குச் செல்ல நேர்ந்தது. புறப்படுமுன், "அங்கிருந்து உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும், அக்கா?" என்று என் மூத்த அக்காளிடம் கேட்டேன். அத்தான் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அன்று முதல் அக்காள் தலையில் பூ வைப்பதில்லை. திருச்சபை அப்படியொன்றும் விதிக்கவில்லை. ஊர் வழக்கம் விதித்திருக்கிறது. மாலையில் எங்கள் வாயிலைக் கடக்கும் பூக்காரியம்மாள்கூட, அக்காள் திண்ணையில் அமர்ந்திருந்தால் கூடையை மறுபுறம் மாற்றிக்கொண்டு, கூவாமலே போய்விடுவார்.

"எனக்கென்ன வேண்டியிருக்கிறது, தம்பி? மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையை அங்கே அத்தராக்கி விற்கிறார்களாமே, அது மெய்தானா என்று பார்த்துவிட்டு வா, போதும்" என்றார் அக்காள்.

ஹர்ஷரின் தலைநகரம்

கான்பூரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கங்கைக் கரையை ஒட்டி அமைந்துள்ளது கன்னோஜ். பள்ளிப் பருவத்தில் வரலாற்றுப் பாடத்தில் படித்த பெயர்தான். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனர் அரசாண்ட தலைநகரம் இது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் வந்து கண்டு வியந்த நகரம். இன்றோ அரண்மனையும் இல்லை, கோட்டை கொத்தளமும் இல்லை. குறுகிய தெருக்களும், பழைய செங்கல் வீடுகளும், சாணப் புகையும், அவற்றினூடே எங்கிருந்தோ வந்து மோதும் மலர் மணமுமே எஞ்சி நிற்கின்றன.

அத்தர்த் தொழில் இங்கு எப்பொழுது வேரூன்றியது என்று வரையறுப்பது கடினம். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நறுமணக் கலவைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்; கூந்தலுக்கு மணமூட்டும் முறைகளும் அதில் இடம்பெறுகின்றன. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரோ, ரோஜா அத்தரைக் கண்டறிந்தவர் நூர்ஜஹானின் தாயாரே என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அரசுகள் வந்தன, போயின. மலரை நெருப்பிலிட்டு மணத்தைப் பிரிக்கும் கைத்தொழில் மட்டும் அழியாமல் நின்றது.

செம்புக் கலமும் மூங்கில் குழலும்

நான் சென்ற வடிசாலை ஒரு பழைய கூடம். மண்ணடுப்புகளின் மேல் பெரிய செம்புக் கலங்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. இவற்றை 'தேக்' என்கிறார்கள். விடியுமுன் வந்திறங்கிய மல்லிகை மொட்டுகளைக் கலத்தினுள் கொட்டி, நீர் வார்த்து, மூடியிட்டு, விளிம்பைக் களிமண்ணும் பஞ்சும் கலந்து அடைக்கிறார்கள். மூடியிலிருந்து ஒரு மூங்கில் குழல் சரிந்து இறங்கி, நீர்த்தொட்டியில் அமர்த்தப்பட்ட 'பப்கா' என்னும் கழுத்து நீண்ட செம்புக் குடத்தில் முடிகிறது. அக்குடத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் வார்த்து வைத்திருக்கிறார்கள். விறகும் சாண வறட்டியும் எரிய, மலரின் ஆவி குழல் வழியே இறங்கிக் குளிர்ந்து, சந்தன எண்ணெயில் தங்குகிறது.

வெப்பமானியோ அழுத்தமானியோ அங்கு நான் காணவில்லை. அடுப்பைக் கவனிக்கும் முதியவர் குடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். கலத்தினுள் எழும் ஓசையைச் செவிகொடுத்துக் கேட்கிறார். விறகை இழுக்கிறார், அல்லது தள்ளுகிறார். அவ்வளவே. அடுப்பு அணைந்தபின் குடத்தின் அடியில் நிற்கும் நீரை வடித்துவிட்டு, அதே சந்தன எண்ணெயை மறுநாள் புதிய மலருக்கு வைக்கிறார்கள். எண்ணெய் மணத்தை முழுமையாக ஏற்கும்வரை இது பல நாட்கள் தொடரும்.

இனி அக்காள் கேட்ட மண் அத்தர். 'மிட்டி' என்பது அதன் பெயர். உலர்ந்த குளத்து மண்ணைப் பிசைந்து, வில்லைகளாகத் தட்டி, சூளையில் அரைவேக்காடாகச் சுட்டு, மலருக்குப் பதிலாக அந்த வில்லைகளையே கலத்திலிட்டு வடிக்கிறார்கள். கோடையே அதற்குரிய காலம். மழை மணத்தை ஆராய்ந்து 1964ஆம் ஆண்டு அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்ட ஆஸ்திரேலிய அறிவியலார் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகிய இருவரும், உத்தரப் பிரதேசத்து அத்தர்க்காரர்கள் இம்மணத்தை முன்னரே பிடித்து வைத்திருந்ததைத் தம் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடம் பெயர் வைத்தது; அடுப்படி அதற்கு முன்பே அதைக் குப்பியில் அடைத்துவிட்டது!

ஒரு நாள் முழுவதும் முகர்ந்து பார்த்தவை

மணத் தொழிலில் தேர்ந்தவர்கள் ஒரு வாசனையை மூன்று படிகளாகப் பகுத்துப் பேசுவார்கள். பூசியவுடன் எழுந்து விரைவில் மறைவது முதல் மணம். அது விலகியபின் சில மணி நேரம் நிற்பது நடு மணம். இறுதியில் தோலோடும் துணியோடும் தங்கிவிடுவது அடி மணம். கடைக்காரரின் அனுமதியோடு, மை ஒற்றும் தாளில் கத்தரித்த பட்டைகளில் ஆறு அத்தர்களைத் தொட்டு வைத்து, காலை பத்து மணி முதல் இரவு வரை முகர்ந்து பார்த்தேன். என் மூக்கு கண்டதை அப்படியே தருகிறேன்.

குலாப்: முதலில் தேனும் சிறிது எலுமிச்சையும் கலந்தாற்போன்ற இனிமை. நண்பகலில் நம் ரோஜா மாலையின் மணம். இரவில் சந்தனம். ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோ மலரிலிருந்து ஒரு கிலோ தூய ரோஜா எண்ணெய்தான் கிடைக்கும் என்பதால், மலிவாக விற்கப்படும் 'தூய ரோஜா'வை ஐயத்தோடே அணுகவேண்டும்.

பேலா: இது நம் குண்டுமல்லிகையே. முதல் மணத்தில் பச்சைக் காம்பின் வாடை. நடு மணத்தில் இரவில் விரிந்த மல்லிகை. முடிவில், காலையில் கூந்தலிலிருந்து எடுத்த வாடிய சரத்தின் மென்மை. திருமண வீட்டுக்கு உகந்தது.

கேவ்டா: தாழம்பூ. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக் கடற்கரையே இதற்குப் பேர்பெற்ற இடம். முதல் மணம் கூர்மையானது, அறையையே நிறைப்பது. சிறிதளவே போதும், மிகுந்தால் தலைவலி தரும்.

கஸ்: வெட்டிவேர். செம்புக் கலத்தில் வடிப்பதால் பசுமை நிறம் ஏறிவிடுகிறது. முதல் மணம் ஈர மண்ணும் வேரும்; நடுவில் சற்றே புகை; அடி மணம் மறுநாளும் நின்றது. கோடைக்கு இதைவிடக் குளிர்ச்சியானதை நான் அறியேன். ஆண்களுக்கும் பொருந்தும்.

சமாமா: ஏலம், கிராம்பு, சாதிபத்திரி, கற்பாசி, சடாமாஞ்சி முதலிய பல சரக்குகளின் கூட்டு. முதலில் மருந்துக்கடை, பின்னர் மசாலா அறை, இறுதியில் இதமான வெதுவெதுப்பு. குளிர்காலத்துக்கு ஏற்றது. இக்கூட்டிலுள்ள சடாமாஞ்சி நமக்குப் புதியதன்று. பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் பாதங்களில் பூசி, தம் கூந்தலால் துடைத்த விலையுயர்ந்த நறுமணத் தைலம் இந்த இமயமலைச் செடியின் வேரிலிருந்து எடுக்கப்பட்டதே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அளவின்றித் தோண்டியதால் இச்செடி இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஆகவே அதை மிகுதியாக நாடவேண்டாம் என்பதே என் பரிந்துரை.

மிட்டி: முதல் மணமே அதன் முழு மணம். புழுதித் தெருவில் முதல் துளி விழுந்த அந்த நொடி! பிறகு சுட்ட பானையில் வைத்த தண்ணீர், இறுதியில் சந்தனம். அக்காளுக்குச் சொல்வதற்கு விடை கிடைத்துவிட்டது: மெய்தான்.

சந்தனம் போனபின்

இத்தொழிலுக்கு வந்துள்ள இடர் எதுவெனின், அடி மணமே அடியோடு பெயர்வதுதான். ஒரு காலத்தில் மைசூர்க் காடுகளும் நம் ஜவ்வாது மலையும் தந்த சந்தனம் இக்கலங்களை நிரப்பியது. மரம் அருகி, விலை மலையேறியபின், வடிப்பவர் பலர் சந்தன எண்ணெயை விட்டு, மணமற்ற திரவ பாரஃபினுக்கும் வேதிக் கரைப்பான்களுக்கும் மாறிவிட்டனர். "வாங்குகிறவர் குப்பியைத் திறந்ததும் முகர்ந்துவிட்டு விலை கேட்கிறார். அந்த ஒரு நொடிக்காக நான் பதினைந்து நாள் அடுப்பெரிக்க வேண்டுமா என்று என் மகன் கேட்கிறான், அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை" என்றார் முதியவர்.

அவரது மகனுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் வாங்குகிற நாமே. முதல் முகர்வில் உண்மையும் போலியும் ஒன்றாகவே தோன்றும். போலி சற்று உரக்கவே பேசும். ஆதலால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். தாளிலோ பஞ்சிலோ ஒரு துளி வாங்கி, மறுநாள் காலை முகருங்கள். சந்தனத்தின் இழை இருந்தால் நன்று. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தால் அவ்விடம் விட்டு அகலுங்கள். 'எந்த எண்ணெயில் வடித்தீர்கள்?' என்று கேட்கத் தயங்காதீர்கள். உண்மையைச் சொல்லி, பாரஃபின் அத்தரைக் குறைந்த விலைக்குத் தருபவரும் நேர்மையானவரே. ஐயம் தீராதவர்களுக்காக, 1991ஆம் ஆண்டு நடுவண் அரசு இங்கு நிறுவிய நறுமணம் மற்றும் சுவை மேம்பாட்டு மையத்தில் சோதனை வசதியும் உண்டு.

கூந்தலுக்கு எது?

அத்தரை நேரே தலையில் தேய்ப்பது தகாது. நூறு மில்லி நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ நாலைந்து துளி போதும். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பில்லையெனில் பயன்படுத்துக. கோடைக்குக் கஸ், மற்ற நாட்களுக்குப் பேலா, தாழம்பூ குழந்தைகளின் தலைக்கு வேண்டாம்.

ஆனால் கூந்தலுக்கென்றே பிறந்தது வேறொன்று. அது ஜவுன்பூர், காசிப்பூர்ப் பக்கங்களில் பழங்காலந்தொட்டுப் பேர்பெற்ற பூவெண்ணெய். தோல் நீக்கிய எள்ளைப் பரப்பி, அதன்மேல் பிச்சிப்பூவைப் பரப்பி, மீண்டும் எள், மீண்டும் பூ என்று அடுக்கி மூடி வைக்கிறார்கள். மறுநாள் வாடிய பூவைச் சலித்து எறிந்து, புதுப் பூ இடுகிறார்கள். பல முறை இவ்வாறு செய்தபின் அந்த எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டுகிறார்கள். நெருப்பே படாத மணம் அது. முதல் மணத்தில் எள். பின்னர் நெடுநேரம் பிச்சி. என் பரிந்துரையில் முதலிடம் இதற்கே.

கடையிலிருந்த அந்த எண்ணெயைக் கையிலெடுத்துவிட்டு, வாங்கத் தயங்கி நின்றேன். முதியவர் காரணம் கேட்டார். அக்காளைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "பூவை நாங்கள் அன்றன்றே எறிந்துவிடுகிறோம், ஐயா. இதில் பூ இல்லை; எள் தன்னிடம் வைத்துக்கொண்டதுதான் இருக்கிறது. உங்கள் அக்காளிடம் அப்படியே சொல்லுங்கள்" என்றார். இரண்டு குப்பிகளோடு ஊர் திரும்பினேன்.

மண் அத்தரை முகர்ந்த அக்காள் கண்களை மூடிக்கொண்டார். "கல்யாணமாகி வந்த வருஷம் முதல் மழைக்கு இதே வாசனைதான்" என்றார். எண்ணெய்க் குப்பியை மட்டும், "எனக்கு எதற்கு? மருமகளுக்குக் கொடு" என்று அலமாரியில் வைத்துவிட்டார். முதியவர் சொன்னதைச் சொன்னேன். மறுமொழி இல்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும் வேளையில், முக்காட்டைச் சரிசெய்தபடி அக்காள் என்னைக் கடந்து சென்றார். வீடெங்கும் பிச்சிப்பூ மணம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பூக்காரியம்மாளிடம் மட்டும் அன்று மாலை ஒரு வார்த்தை சொன்னேன்: இனி எங்கள் வாயிலில் கூவாமல் போகவேண்டாம் என்று.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இப்படியோர் அக்காளோ, அத்தையோ, தாயோ இருக்கக்கூடும். கன்னோஜுக்குப் போக இயலாவிடினும், நல்லெண்ணெயில் நாலு பிடி வெட்டிவேர் இட்டு, பத்து நாள் வெயிலில் வைத்து வடித்துக் கொடுங்கள். அது போதும்.