பனியில் சறுக்கப் போறீங்களா? முதல்ல எடையைச் சொல்லுங்க!

“டேய், ஊட்டியில ஸ்வெட்டர் போட்டும் பல்லு டைப் அடிச்சவன் நீ. உனக்கு எதுக்குடா பனிச்சறுக்கு?”

திட்டத்தைச் சொன்னதும் ஹாஸ்டலில் எனக்குக் கிடைத்த முதல் ஆசீர்வாதம் இதுதான் பாஸ். ஆனாலும் இந்த ஜனவரியில் செமஸ்டர் லீவில் நாங்கள் மூணு பேர் கஜகஸ்தானில் இருக்கும் அல்மாட்டிக்குப் போய், பனியில் சறுக்கி, விழுந்து, எழுந்து வந்தோம். மூணு பேரில் ஒருத்தன் மட்டும் எழுந்திருக்கக் கொஞ்ச நாள் ஆச்சு. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

‘அது ஏன் அல்மாட்டி?’ என்றுதானே கேட்கிறீர்கள்? ஆல்ப்ஸ் என்றால் ஷெங்கன் விசா, அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட், நேர்காணல் மாதிரி ஆயிரம் கேள்வி. கஜகஸ்தானுக்கு 2022 ஜூலையில் இருந்து இந்திய பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமலே போய் 14 நாள் வரை தங்கலாம். (விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடும் அன்றைக்கு ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள்!) கோவையில் இருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு ராத்திரி. டெல்லியில் இருந்து அல்மாட்டிக்கு விமானத்தில் நாலு மணி நேரம்கூட இல்லை. எது வெளிநாடு என்றே குழம்பிப்போச்சு.

“நம்ம குல்மார்க், அவுலி எல்லாம் இருக்கே?” என்று எங்கள் ஹெச்.ஓ.டி. கேட்டார். நியாயமான கேள்வி. முதல்முறை கற்றுக்கொள்ள குல்மார்க்கே போதும், செலவும் குறைவு. எங்களுக்கு பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டாம்ப் வேண்டும் என்ற ஆசை. உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே... ஹி...ஹி...

அல்மாட்டிக்குப் பக்கத்து மலையில் இருக்கும் ஷிம்புலாக்தான் நம்ம சறுக்குமரம். அடிவாரமே கடல் மட்டத்தில் இருந்து 2,260 மீட்டர். ஊட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆனால் அங்கே டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை பனி. லிஃப்ட் பிடித்து உச்சிக்குப் போனால் சுமார் 3,200 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், மேலே போனதும் ஏன் மூச்சு வாங்குகிறது என்பது புரியும். முதல் நாள் உச்சிக்கு ஓடாதீர்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

எப்போது போவது? புது வருஷத்தில் இருந்து ஜனவரி 7 வரை வேண்டவே வேண்டாம். 7-ம் தேதி அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ், அரசு விடுமுறை. ஊரே மலையில் இருக்கும். மார்ச் 21-ஐ ஒட்டி நவ்ருஸ் பண்டிகை லீவு, அப்போதும் அதே கதை. சனி, ஞாயிறைச் சுற்றிப் பார்க்க வைத்துக்கொண்டு, திங்கள் முதல் வியாழன் வரை மலைக்குப் போங்கள். நாங்கள் பொங்கல் முடிந்த பிறகுதான் போனோம், பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பது அம்மாக்களின் கட்டளை என்பதால்.

பணம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விமான டிக்கெட்டைப் பார்த்து ‘அட, இவ்ளோதானா!’ என்று துள்ளிக் குதிக்காதீர்கள். நான் குதித்தேன். அதுக்கப்புறம்தான் வரிசையாக வரும்... லிஃப்ட்டுக்கு தினமும் பாஸ், பலகை, பூட்ஸ், கோல், ஹெல்மெட் எல்லாத்துக்கும் வாடகை, கற்றுக்கொடுப்பவருக்கு மணிக்கணக்கில் சம்பளம். எங்கள் மூணு பேரில் கணக்கு எழுதினவனுக்கு ‘பொருளாளர்’ என்று பேர். அவன் நோட்டுப்படி தலைக்கு எழுபதாயிரத்தைத் தாண்டியது. இரண்டு வருஷம் டியூஷன் எடுத்த காசு என்னோடது. கையில் டாலராகக் கொண்டுபோய் அங்கே டெங்கேவாக மாற்றிக்கொள்வது நல்லது. ரூபாயை நீட்டினால் மாற்றிக் கொடுக்க ஆள் தேடணும்.

துணி. இங்கேதான் எங்கள் நாயகன் அறிமுகம். பேர் வேண்டாம். ஒல்லி என்பதால் ஹாஸ்டலில் ‘குண்டூசி’. சொந்த ஊர் திருப்பூர். “பனியனுக்கு நான் பொறுப்பு மச்சான்!” என்று ஆளுக்கு ஆறு எக்ஸ்போர்ட் காட்டன் பனியன் கொண்டுவந்தான். முதல் நாள் காலையில் போட்டுக்கொண்டு போனோம். பத்து தடவை விழுந்து எழுந்ததில் குளித்த மாதிரி வியர்வை. காட்டன் அதை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றவுடன் ஐஸ் ஒத்தடம் கொடுத்தது. உள்ளே கம்பளியோ, சீக்கிரம் காயும் பாலியஸ்டரோதான் சரி. அதுக்கு மேல் ஒரு ஃப்ளீஸ், அதுக்கும் மேல் தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட், பேன்ட். கடைசி இரண்டையும் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜீன்ஸைத் தொடவே தொடாதீர்கள். அப்புறம், குளிருக்கு பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் போடாதீர்கள். பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் ஜில்லிட்டுப் போகும். நீளமான ஒரே ஜோடி போதும்.

சன் ஸ்கிரீன் என்றதும், “நாம என்ன ஹீரோயினா?” என்று சிரித்தோம். புதுப் பனி, சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். வெயில் மேலே இருந்தும் வரும், கீழே இருந்தும் வரும். ஊர் திரும்பியபோது என் மூக்கு நுனி உரித்த உருளைக்கிழங்கு. கறுப்புக் கண்ணாடியோ காகிள்ஸோ இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நிற்காதீர்கள்.

போகிற வழி சுலபம். ஊருக்குள் இருந்து 12-ம் நம்பர் பஸ் மெதேவ் வரை போகும். அங்கே 1,691 மீட்டர் உயரத்தில் பிரமாண்டமான ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம். அதன் எதிரே கோண்டோலா ஏறினால், நாலரை கிலோமீட்டர் அந்தரத்தில் மிதந்து ஷிம்புலாக்கில் இறங்கலாம். 2011-ல் இங்கே நடந்த ஆசிய குளிர்கால விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கட்டியது. குளிர்காலத்தில் அல்மாட்டி நகரத்தின் மேல் புகைமூட்டம் போர்வை மாதிரி கிடக்கும். கோண்டோலா அதைக் கிழித்துக்கொண்டு மேலே போனதும் பளீர் என்று நீல வானம்! எங்கள் மூணு பேருக்கும் வாயடைத்துப் போச்சு. வழி தொலைந்தால் பயப்படாதீர்கள். அல்மாட்டிக்காரர்களுக்கு ‘மேலே’ என்றால் மலை இருக்கும் தெற்கு, ‘கீழே’ என்றால் வடக்கு. கையைக் காட்டிக் கேட்டாலே போதும், சொல்லிவிடுவார்கள். பேசுவது கஜக், ரஷ்யன்தான். இங்கிலீஷ் பேசும் பயிற்சியாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பயிற்சியாளர் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம் கற்றுக்கொண்டால் நிறுத்தத் தெரிந்துவிடும். பலகையின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, பிட்சா துண்டு மாதிரி வைத்தால் அதுதான் பிரேக். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருகிற மாதிரி விழணும். பின்னாடி சாயக்கூடாது. நமக்குக் கீழே சறுக்குகிறவருக்குத்தான் வழி உரிமை, மேலே இருந்து வருகிற நாம்தான் ஒதுங்கிப் போகணும். பச்சைக் கொடிச் சரிவு புதுசா கத்துக்கிறவங்களுக்கு, அடுத்து நீலம், சிவப்பு. கறுப்பு என்றால் சாமி கும்பிட்டுவிட்டு வேடிக்கை மட்டும் பாருங்கள்.

இப்போது அந்தக் கதை.

வாடகைக் கடையில் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். உயரம், எடை, வயசு, எந்த அளவுக்குச் சறுக்கத் தெரியும் என்று கேள்விகள். வரிசையில் நமக்கு முன்னாடி இரண்டு ரஷ்யப் பெண்கள். குண்டூசியின் எடை 54 கிலோ. அவன் எழுதியது 72. திறமை என்ற இடத்தில் ‘நன்றாகத் தெரியும்’ என்று டிக் அடித்தான்! “ஏண்டா?” என்றேன். “சும்மா கெத்துக்குடா” என்றான். நானும் சிரித்தேன். எதற்காக எடையைக் கேட்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பைண்டிங் என்ற ஒரு கொக்கி இருக்கிறது. கால் தப்பாக முறுக்கினால், எலும்போ ஜவ்வோ போவதற்கு முன்னால் அது தானே கழன்று பூட்ஸை விடுவிக்க வேண்டும். எவ்வளவு விசையில் கழலணும் என்பதை அந்த ஃபாரத்தில் இருக்கும் எடையையும் திறமையையும் வைத்துத்தான் ஸ்க்ரூ டிரைவரால் திருகி வைப்பார்கள். எடை அதிகம், திறமை அதிகம் என்றால் இறுக்கம் அதிகம். ட்ரிபிள் ஈ படிக்கிறவனுக்கு இதைவிடச் சுலபமாகப் புரியாது... ஃப்யூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆணியைச் சொருகி வைத்த கதை!

மூணாவது நாள் மதியம். வேகம்கூட இல்லை. நீலச் சரிவின் கடைசியில் திரும்பப் பார்த்தான். பலகை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது, உடம்பு இன்னொரு பக்கம் போனது. கொக்கி கழலவே இல்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. மீட்புக் குழுவினர் ஸ்லெட்ஜில் கட்டி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, முழங்கால் உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் பட்டை போடணும் என்றார்கள். மூணு பேரும் மூச்சு விட்டோம்.

பில் வந்தது. நான் தெனாவட்டாக இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்தேன். மூணு பேருக்கும் பாலிசி எடுத்தது நான்தான். டிக்கெட் போடும்போது இருப்பதிலேயே மலிவானதற்கு டிக் அடித்து, தலைக்கு நானூறு ரூபாய் மிச்சம் பிடித்ததாகப் பெருமை வேறு. போன் போட்டால், “சாகச விளையாட்டுகள் இதில் சேராது சார். எட்டாம் பக்கம் பாருங்க” என்றார்கள். பார்த்தேன். பனிச்சறுக்கு என்று பேர் சொல்லியே எழுதியிருந்தது. நான் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

ஆகவே மக்களே, பாலிசி எடுக்கும்போது குளிர்கால விளையாட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மலையில் இருந்து இறக்கும் செலவு சேருமா, வரையறுத்த சரிவுக்கு வெளியே போனால் செல்லுமா, பீர் குடித்திருந்தால் என்ன ஆகும் என்று எல்லாம் படியுங்கள். பொய் எடை எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டு வையுங்கள். அங்கே ஆம்புலன்ஸுக்கு 103. இதை எழுதி பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளாளரின் அண்ணன் பணம் அனுப்பினார். மீதியை எங்கள் கையிருப்பில் இருந்து கட்டினோம். கடைசி இரண்டு நாள் சம்ஸா, டீ மட்டும்தான். குண்டூசி அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அவங்க பனியன் கம்பெனியில் தையல் வேலை. சீட்டு எடுத்துக் கொடுத்த காசில்தான் அவன் வந்திருந்தான். தினமும் ராத்திரி போனில், “சாப்டியா கண்ணு? ரொம்பக் குளுருதா?” என்று கேட்பார். இவன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே “சூப்பரா இருக்கும்மா” என்பான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

திரும்பி வரும்போது விமானத்தில் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தோம், காசு கேட்கவில்லை. டெல்லியில் இருந்து ரயிலில் கீழ் பெர்த்துக்காக ஒரு குடும்பத்திடம் கெஞ்சினேன். திருப்பூர் ஸ்டேஷனில் ஊன்றுகோலோடு அவன் இறங்கியதைப் பார்த்ததும் அந்த அம்மா அவனிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “நீ கூட இருந்துமா கண்ணு இப்படி?” என்றார். இரண்டு ராத்திரி ரயிலில் தயாரித்து வைத்திருந்த பதில் எதுவும் வரவில்லை. எட்டாம் பக்கத்தைப் பற்றி அவரிடம் அன்றைக்கே, பிளாட்பாரத்திலேயே சொன்னேன். “சரி, மொதல்ல வந்து சாப்பிடு” என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

ஆஸ்பத்திரி பில்லில் பாதி என்னுடையது என்று முடிவு செய்து மாசாமாசம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு தவணை பாக்கி. போன வாரம் குண்டூசி எங்கள் ஹாஸ்டல் கேன்டீன் வாசல் எடை மெஷினில் ஏறி, சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினான். 56. “அடுத்த ஜனவரிக்கு குல்மார்க் ஃபாரத்துல இதை எழுதிக்கோ” என்றான்.