தலைவனுக்கும் ஓர் ஆசான்

நமது கல்லூரியிற் பயின்றவருட் பலர் இன்று வங்கிகளிலும் தோட்டங்களிலும் திணைக்களங்களிலும் பாடசாலைகளிலும் பிறரை நடத்தும் பொறுப்பில் அமர்ந்துள்ளனர். இஃது எமக்கு உவகை தருவதே. எனினும், பதவி கிடைத்த அன்றே தலைமையும் கிடைத்துவிடுவதில்லை. பதவி நியமனக் கடிதத்தில் வருவது. தலைமை பழகிப் பெறுவது. அங்ஙனம் பழகுவார்க்கு அருகிருந்து கண்டு சொல்வார் ஒருவர் வேண்டும். இந்நாளிற் பெரிய நிறுவனங்கள் தம் முகாமையாளர்க்கெனத் தனிப் பயிற்றுநரை அமர்த்துவது இதனாலேயாம்.

இதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. நம் மஹய்யாவ மயானத்தில் ஜேம்ஸ் டெயிலரின் கல்லறை உளது. அவர் 1852 இல் ஸ்கொத்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்தபோது பதினேழு வயதளவினர். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திற் தேயிலை பயிரிட்டார். ஆயினும், கொழுந்து கொய்தலையும் வாட்டுதலையும் உருட்டுதலையும் அவர் தாமே கண்டறிந்தாரல்லர். இந்தியத் தேயிலைத் தோட்டத்தினின்றும் வந்த ஒருவர் பங்களா விறாந்தையருகே நின்ற சில செடிகளின் கொழுந்தைக்கொண்டு செய்து காட்ட, அதனைக் கண்டு கற்றார். 1869 முதல் இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது அக்கல்வியே நாட்டிற்குக் கைகொடுத்தது. 1892 மே 2 ஆம் நாள் அவர் மறைந்தார். தொழிலாளர் 24 பேர் முறைமாற்றி அவருடலைக் கண்டிவரை சுமந்து வந்தனர் என்பர். சுமந்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை.

அக்காலத்திற் புதிதாக வந்த துரைமார் 'கிறீப்பர்' என்னும் பெயருடன் பெரியதுரையின் கீழிருந்து நிருவாகம் பயின்றனர். கங்காணிக்கு அத்தகைய பயிற்சி யாதுமில்லை. மேலிருந்தோர் தன்னை அதட்டியவாறே அவனும் கீழிருந்தோரை அதட்டினான். தோட்டத்தை விட்டு நாம் வெளியேறிய பின்னரும் அவ்வதட்டல் நம்மை விட்டு நீங்கிற்றா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் அலுவலகத்தில் எண்ணிப்பார்த்தல் நன்று.

அலுவலகப் பழக்கமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இப்பயிற்சி இராச் சாப்பாட்டு வேளையிலேயே வாய்த்துவிடுகின்றது. தந்தையும் மாமனும் கூட்டம் நடத்துவதையும் பிணக்குத் தீர்ப்பதையும் பேசக் கேட்டே அது வளர்கின்றது. நகரைத் துப்புரவாக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு ஏது? விண்ணப்பத்தில் 'மஹய்யாவ' என்று முகவரி எழுதத் தயங்கும் பிள்ளைகளை யான் அறிவேன். அத்தயக்கத்தைக் கடந்து படித்துப் பதவி பெற்றவன், முதல்நாட் சிக்கலிலேயே எவரிடஞ் சென்று கேட்பான்? கேட்க ஆளில்லாதவன், ஒன்றில் அஞ்சி ஒடுங்குகின்றான். அன்றேல் அதட்டத் தொடங்குகின்றான்.

ஆசிரிய பயிற்சிக் கல்லூரியில் நாம் பாடம் நடத்துகையில் விரிவுரையாளர் கடைசி வாங்கில் வந்தமர்வார், இடையிற் பேசார். பாடம் முடிந்தபின், "இன்று எந்தப் பிள்ளையின் முகத்தை நீர் பார்க்கவில்லை?" என்று மட்டும் வினவுவார். அவ்வொரு வினா மறுநாட் பாடத்தைத் திருத்தும். நூறு அறிவுரை செய்யாததை அது செய்யும். திருவள்ளுவரும் அரசனுக்குரிய பண்புகளைக் கூறுமிடத்தே 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓர் அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைத்தற்குரியது. ஆள்வோனும் இடித்துரைப்பாரைத் தானே தேடிக்கொள்ளல் வேண்டும் என்பது அதன் கருத்து.

ஆதலின், பழைய மாணவ அன்பர்காள்! மண்டபத்திற்கு நீவிர் நல்கும் நிதி பெரிதே. அதனோடு இன்னொன்றும் நல்குவீராக. புதிதாகப் பொறுப்பேற்ற இளையவர் ஒருவரைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் அவரோடு அமர்மின். முதலில் அவர் கூறுவதைக் கேண்மின். விடை கூறுமுன் வினவுமின். அவர் நம்பிச் சொன்னதை அவருடைய மேலதிகாரியின் காதிற் போடாதிருமின். இளையவரே, நீவிரும் கேட்பதற்கு நாணற்க. இன்று ஒருவர் உமக்காகச் செலவிடும் அந்த ஒரு மணி நேரத்தை, நாளை உமது பணிமனையில் கடைநிலையில் நிற்பவருக்காக நீவிர் செலவிடுவீராயின், நமது கல்லூரி கற்பித்தது வீணாகாது.