நண்டு பாடும் திராட்சைத் தோட்டம்

நண்டு பாடுவது காதில் விழும் தூரத்தில் இருப்பதுதான் நல்ல திராட்சைத் தோட்டம். அட்லான்டிக் கடலின் நடுவே இருக்கும் பிகோ தீவில் இது தலைமுறை தலைமுறையாகப் பழகிவந்த பேச்சு. நண்டு எங்கே பாடும் என்று கேட்காதீர்கள். அலை மோதும் கரும்பாறைக்கு அவ்வளவு பக்கத்தில் கொடி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

விவசாயம் தெரிந்த யாருக்கும் இது விநோதமாகத்தான் படும். உப்புக்காற்று பட்டால் இலை கருகும். கடல் பொங்கினால் செடியே போகும். அப்படிப்பட்ட இடத்தை விட்டு விலகித்தானே யாரும் பயிர் வைப்பார்கள்? பிகோவில் மட்டும் ஏன் இப்படி?

அதற்குக் காரணம் தீவின் நடுவே எழுந்து நிற்கும் மலை. 2,351 மீட்டர் உயரமுள்ள எரிமலை அது. போர்ச்சுகல் நாட்டிலேயே அதைவிட உயரமான சிகரம் கிடையாது. அட்லான்டிக்கின் மேகங்களெல்லாம் அதில் வந்து முட்டிக்கொண்டு மழையைக் கொட்டுகின்றன. மலையை நோக்கிப் போகப் போக ஈரம் கூடும். ஈரம் கூடினால் பூஞ்சை, அழுகல். கடற்கரையை ஒட்டிய மெல்லிய பட்டையில்தான் கொஞ்சம் வெயில், கொஞ்சம் வறட்சி. பழம் பழுக்க வேண்டுமானால் நண்டுக்குப் பக்கத்தில்தான் போயாக வேண்டும்.

அசோர்ஸ் என்ற ஒன்பது தீவுக் கூட்டத்தில் வயதில் இளையது பிகோ. லிஸ்பனிலிருந்து சுமார் 1,650 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. பக்கத்துத் தீவான ஃபயாலின் ஓர்ட்டா நகரத்தில் விமானம் விட்டு இறங்கி, அங்கிருந்து படகில் வருவது அழகான வழி. அரை மணி நேரப் பயணம்தான். எதிரே மலை, உச்சியில் தொப்பிபோல ஒரு மேகம். படகு மதலேனா துறைமுகத்தை நெருங்கும்போது கரை முழுக்கக் கறுப்பாகத் தெரியும். முதலில் அது வெறும் பாறை என்றுதான் தோன்றும். இறங்கி நடந்தால்தான் புரியும், அத்தனையும் சுவர்கள்!

மதலேனாவுக்குத் தெற்கே க்ரியசாவ் வெல்யா என்ற ஊர். சிவப்பு வண்ணம் பூசிய பழைய காற்றாலை ஒன்று அங்கே நிற்கிறது. அதன் படிகளில் ஏறிப் பார்த்தால், கடல்வரை கறுப்புக் கட்டங்கள். மலையிலிருந்து வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பை உடைத்து, அந்தக் கற்களைச் சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். கூரை மட்டும்தான் இல்லை. குர்ரால் என்பது இவற்றின் பெயர். ஒரு குர்ராலுக்குள் நாலைந்து கொடிகள் இருந்தால் அதிகம்.

சுவரை உற்றுப் பார்த்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி தெரியும். அது கட்டியவரின் அவசரம் அல்ல. காற்றை முழுதாகத் தடுத்தால் அது சுவருக்கு மேலே ஏறிக் குதித்து, உள்ளே சுழன்று கொடியை முறித்துவிடும். கொஞ்சம் வழி விட்டால் வேகம் குறைந்து நுழைந்து வெளியேறிவிடும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கறுப்புக் கல், இரவில் அந்தச் சூட்டைப் பழத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. குளிர்ந்த கடல் நடுவே இருக்கும் தீவில் திராட்சை பழுப்பதற்கு அந்தக் கதகதப்பும் வேண்டியிருக்கிறது.

இங்கே பந்தல் கிடையாது. கொடி தரையோடு தரையாகக் கல்லின்மேல் படர்ந்து கிடக்கும். பழுக்கும் காலம் நெருங்கும்போது கிளைகளை மெல்லத் தூக்கி, முட்டுக்கொடுத்து, குலை தரையில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குனிந்த முதுகை நிமிர்த்த நேரமிருக்காது.

மண்? அதைப் பற்றிக் கேட்டால்தான் கதையே ஆரம்பிக்கும். மண் என்று சொல்ல இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. வழவழவென்று பாளமாக உறைந்த பாறைக்கு லஜீடோ என்று பெயர். நொறுங்கிக் கிடக்கும் இடத்தை ‘பிஸ்கட் நிலம்’ என்கிறார்கள். இரும்புக் கம்பியால் பாறையின் விரிசலைப் பெரிதாக்கி, அதில் கொஞ்சம் மண்ணைப் போட்டு, கொடியை நட்டார்கள். அந்த மண்ணும் இந்தத் தீவுடையது அல்ல. எதிரே இருக்கும் ஃபயாலிலிருந்து படகில் கொண்டுவந்தது. மண்ணைக் கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்கள் இவர்கள்.

திருப்பிக் கொடுத்தது என்னவோ அதிகம்தான். கரையோரப் பாறைகளில் கடலுக்குள் சரிந்து இறங்கும் சாய்தளங்களை இன்றும் பார்க்கலாம். ரோலா பிப்பா என்று பெயர். ஒயின் நிரம்பிய பீப்பாய்களைப் படகுவரை உருட்டிவிடச் செதுக்கிய வழி. போர்ச்சுக்கீசிய ‘பிப்பா’தான் நம் பேச்சில் பீப்பாய் ஆனது, அலமாரியும் சாவியும் வந்தது போலவே. பீப்பாய்கள் ஃபயாலுக்குப் போயின. நல்ல துறைமுகம் அங்கேதான் இருந்தது. தோட்டங்களில் பலவற்றின் சொந்தக்காரர்களும் அங்கேதான் வாழ்ந்தார்கள். அறுவடைக்காலத்தில் மட்டும் பிகோவில் தங்குவார்கள். ஓர்ட்டாவிலிருந்து கப்பலேறிய அந்தச் சரக்கை, ஐரோப்பாவும் அமெரிக்காவும் ‘ஃபயால் ஒயின்’ என்றே அறிந்தன. உழைத்தது ஒரு தீவு, பெயர் இன்னொரு தீவுக்கு! ரஷ்யப் பேரரசரின் நிலவறையில்கூட பிகோவின் ஒயின் இருந்தது என்று தீவில் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்தியாவிலிருந்து மிளகு ஏற்றித் திரும்பிய போர்ச்சுக்கீசியக் கப்பல்களுக்கும் அசோர்ஸ்தான் தங்குமிடம். வாஸ்கோ ட காமாவின் அண்ணன் பாவ்லோ, கோழிக்கோட்டிலிருந்து திரும்பும் வழியில் 1499-ல் இறந்து, இதே தீவுக்கூட்டத்தின் தெர்செய்ரா தீவில் அடக்கமானார்.

செழிப்பு ஒரே மூச்சில் முடிந்துபோனது. 1850-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து சாம்பல் நோய் வந்து சேர்ந்தது. இலையிலும் காயிலும் வெள்ளைப் பொடி தூவியதுபோல ஒரு பூஞ்சை. கொடிகள் சில ஆண்டுகளில் சுருண்டன. மிச்சத்தைக் கெடுக்க 1870-களில் வேரை உறிஞ்சும் ஃபிலாக்ஸிரா பூச்சி வந்தது. இரண்டையும் தாங்கும் இசபெல்லா என்ற அமெரிக்கத் திராட்சையை நட்டார்கள். அதில் கிடைத்த ஒயினுக்கு ‘வாசனை ஒயின்’ என்று பெயர். ஏற்றுமதிக்கு உதவவில்லை. ஆனால், தூய ஆவித் திருவிழாவில் ஊரே கூடிச் சாப்பிடும்போது அதைத்தான் இன்றும் ஊற்றுகிறார்கள். பழகிய நாக்கு எளிதில் மாறுமா?

சில குர்ரால்களில் அத்தி மரம் வைத்தார்கள். பலர் சுவர்களை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தார்கள். அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் ஆள் தேடி வந்த காலம் அது. ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலிலேயே அசோர்ஸ் மாலுமிகளைப் பற்றிய குறிப்பு உண்டு. போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1957-58-ல் ஃபயாலின் கபெலினியோஸ் எரிமலை பொங்கி வீடுகளைச் சாம்பலில் புதைத்தபோது, அமெரிக்கா தனிச்சட்டமே போட்டு அசோர்ஸ் மக்களுக்குக் கதவைத் திறந்தது. தீவுகள் இன்னும் காலியாயின. பிகோவில் இன்று இருப்பவர்கள் சுமார் 14,000 பேர்.

ஆள் இல்லாத சுவருக்குள் முதலில் நுழைவது செடிகள்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிட்டோஸ்போரம் என்ற மரம், வேலிக்காக நட்டது, காடாகப் பரவியது. மலையடிவாரத்தில் நடந்தால், அடர்ந்த புதருக்குள் திடீரென்று ஒரு கறுப்புச் சுவர் தட்டுப்படும். அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. யாரோ ஒருவர் ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வைத்த தோட்டம், இப்போது காட்டுக்குள். தீவின் சுவர்களையெல்லாம் நீட்டிவைத்தால் பூமத்திய ரேகையை இரண்டு முறை சுற்றும் என்கிறார்கள். யார் அளந்தார்களோ! ஆனால், அந்தக் காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது.

இத்தனைக்கும் நடுவே சில குடும்பங்கள் பழைய கொடிகளை விடவில்லை. வெர்தெல்யோ, தெர்ரான்தேஸ், அரிந்தோ. மூன்றும் வெள்ளைத் திராட்சை. 1949-ல் தீவில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி இந்த விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டது. பழைய புகழெல்லாம் வெர்தெல்யோவுக்குத்தான். இப்போது கவனத்தை இழுப்பது அரிந்தோ.

இந்த அரிந்தோவைப் போர்ச்சுகல் பெருநிலத்தில் லிஸ்பன் பக்கம் விளையும் அரிந்தோவோடு குழப்பிக்கொள்வது சுலபம். பெயர்தான் ஒன்று, இனம் வேறு. ‘அசோர்ஸ் அரிந்தோ’ இந்தத் தீவுகளிலேயே பிறந்தது. மரபணுச் சோதனையில் அது வெர்தெல்யோவின் பிள்ளை என்று தெரியவந்தது. தெர்ரான்தேஸும் அப்படித்தான். ஆக, மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அரிந்தோவின் குணம் அதன் புளிப்பு. பெரும்பாலான திராட்சைகளில் பழுக்கப் பழுக்க இனிப்பு ஏறி, புளிப்பு இறங்கிவிடும். அரிந்தோ நன்றாகப் பழுத்த பிறகும் புளிப்பை விடாது. பச்சை எலுமிச்சையைக் கடித்ததுபோல நாக்கில் சுருக்கென்று ஒரு கூர்மை, அதன் பின்னாலேயே மெல்லிய உப்பு. கடல் தெளிக்கும் நீர்தான் அந்த உப்புக்குக் காரணம் என்கிறவர்கள் உண்டு, எரிமலைக் கல் என்கிறவர்களும் உண்டு. ஓர்ட்டாவின் உணவகங்களில் வறுத்த மீனோடும், பாறையில் ஒட்டி வளரும் லாப்பாஸ் என்ற சிப்பியைப் பூண்டும் வெண்ணெயும் போட்டுச் சுட்டதோடும் அதைப் பரிமாறுகிறார்கள். மீன் சாப்பாட்டுக்கு எலுமிச்சை பிழிவதைப் போன்ற ஏற்பாடுதான்.

தெர்ரான்தேஸின் நிலை அவ்வளவு பத்திரமாக இல்லை. ஒரு கட்டத்தில் நூறு கொடிகள்கூட மிஞ்சவில்லை. தேடிக் கண்டுபிடித்து, பதியன் போட்டுப் பெருக்கினார்கள். அதில் ஈடுபட்ட ஒயின் தயாரிப்பாளர் அன்டோனியோ மசனிட்டா, 2014-ல் இரண்டு கூட்டாளிகளோடு பிகோவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டுக்குள் மறைந்த சுவர்களை வெட்டி வெளியே எடுத்து, மறுபடி கொடி நட்டார்கள்.

அதற்குப் பத்து ஆண்டு முன்பே காற்று திசை மாறத் தொடங்கியிருந்தது. 2004-ல் பிகோவின் 987 ஹெக்டேர் திராட்சை நிலத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கைவிட்ட குர்ரால்களைச் சீர்படுத்துகிறவர்களுக்கு அரசு மானியம் வந்தது. பயிரிடும் பரப்பு பல மடங்கு கூடியது. பிகோவின் திராட்சை இன்று போர்ச்சுகலிலேயே அதிக விலை போகும் திராட்சைகளில் ஒன்று.

விலை ஏறினால் மட்டும் போதுமா? குர்ராலுக்குள் டிராக்டர் நுழையாது. உரத்தையும் மருந்தையும் முதுகில் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. ஒவ்வொரு குலையையும் கையால் பறித்து, சுவருக்குச் சுவர் தாண்டிக் கூடையை வெளியே கொண்டுவர வேண்டும். விளைச்சலோ மிகக் குறைவு. பூக்கும் சமயத்தில் ஒரு புயல் வந்தால் அந்த வருடம் அவ்வளவுதான். குளிர்காலத்து அலை சுவரை உடைத்தால், உடைந்த கற்களைப் பொறுக்கி மறுபடி அடுக்க ஆள் வேண்டும். சுவர் அடுக்கத் தெரிந்த கைகள் தீவில் குறைந்துகொண்டே வருகின்றன. கூலி வேலைக்கு வெளியிலிருந்து ஆட்களை அழைக்கலாம். எந்தக் கல்லை எந்தக் கல்லின் மேல் எப்படி வைத்தால் காற்று நுழைந்து போகும் என்பது அவர்களுக்கு ஒரு பருவத்தில் வந்துவிடுமா?

மதலேனாவில் பழைய கார்மலைட் மடம் ஒன்று இப்போது ஒயின் அருங்காட்சியகம். முற்றத்தில் குடை விரித்ததுபோல டிராகன் மரங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் நேராக அங்கேயே போகலாம். அவர்களுக்கு ஒயினைவிட அந்த மரமும், அதன் பின்னால் இருக்கும் பார்வைக் கூண்டிலிருந்து தெரியும் கறுப்புக் கட்டங்களும்தான் பிடிக்கும். ஊருக்குள் வயல்களின் நடுவே பிரமிடுபோல உயரமான கற்குவியல்களும் உண்டு. ஆதிமனிதன் கட்டியது என்று கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நிலத்தைச் சுத்தம் செய்த விவசாயி, சுவருக்குப் போக மிஞ்சிய கல்லை வேறு எங்கே போடுவான்?

தீவின் வடக்குக் கரையில் லஜீடோ என்ற சிற்றூர். அங்கே பாறையின் மேலேயே இரண்டு கோடுகள் பள்ளமாக ஓடும். ஒயின் ஏற்றிய மாட்டுவண்டிகளின் சக்கரம் நூற்றாண்டுகளாக ஒரே தடத்தில் போய்ப் போய்க் கல்லே தேய்ந்த சுவடு அது. தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கடல் வந்துவிடும். கடைசிச் சுவரைத் தாண்டினால் வெறும் கரும்பாறை. அலை பின்வாங்கிய இடுக்கில் சிவப்பாக ஏதோ அசையும். திரும்பிப் பார்த்தால், பத்தடி தள்ளி, கல்லின் மேல் சாய்ந்தபடி ஓர் அரிந்தோக் கொடி.