நாள் செய்த குற்றம் என்ன?

சென்ற ஜூன் 16 அன்று தஞ்சோங் மாலிமில் எம் உறவினர் இல்லத்தில் ஒரு பெண்மகவு பிறந்தது. தாயும் சேயும் நலம் என்ற செய்தி கேட்டு மகிழ்வுடன் சென்ற நாம் அங்கே கண்டதோ இழவு வீட்டின் தோற்றம்! முதியவர் ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, நாள் பொல்லாதது, தகப்பனுக்கு ஆகாது என்று கூறிவிட்டாராம். பெற்றவள் சுவர்ப்புறம் திரும்பிப் படுத்திருந்தாள்.

நாளின் குணத்தை அறிய வேண்டுமாயின் பஞ்சாங்கத்தினும் சரித்திரத்தைப் புரட்டுவதே நேர்மையன்றோ? அவர்கள் அனைவரும் கேட்கவே நாம் அதனைப் புரட்டலானோம்.

அயர்லாந்தின் தலைநகராம் டப்ளினில் இந்நாள் ஒரு திருநாள். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-இல் வெளியிட்ட 'யுலிசிஸ்' என்னும் நாவல், 1904 ஜூன் 16 ஆகிய ஒரு நாளின் கதை. ஒரு விளம்பரத் தரகர் ஊர் சுற்றிய நாளுக்கு விழா! தேவர் பிறந்ததுமில்லை, அசுரர் மாண்டதுமில்லை.

அத்துணைத் தொலைவு போவானேன்? நம் பேராக்கிலேயே, சுங்கை சிப்புட்டில், 1919 ஜூன் 16 அன்று வீ. தி. சம்பந்தன் பிறந்தார். அவருக்கு 29 ஆண்டு நிறைந்த அதே நாளில், 1948 ஜூன் 16 காலையில், அவ்வூரை அடுத்த இரு ரப்பர்த் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் மூவர் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. சுட்டவர்கள் காட்டுக்குள், ஆள்பவர்கள் கோட்டைக்குள், இடையில் நசுங்கியவர் யார்? பால்வெட்டும் ஏழையும் பட்டணத்து எளியவருமே. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தஞ்சோங் மாலிமோ 1952-இல் தன் பங்கைப் பெற்றது. அவ்வாண்டு மார்ச்சில், தண்ணீர்க் குழாயைச் செப்பனிடச் சென்றோரில் பன்னிருவர் கொல்லப்பட, ஜெனரல் டெம்ப்ளர் ஊர் முழுவதையுமே தண்டித்தார். நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு; அரிசிப் பங்கீட்டிலும் வெட்டு. குற்றவாளி ஒருவன், பட்டினி ஊருக்கு!

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அதற்குள் வேறொரு கேடு மூண்டிருந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாற, தொழிலாளி வேலையோடு குடியிருந்த லயத்தையும் இழந்தான். அதே 1960-இல் சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய பத்து வெள்ளிகள் திரண்டு, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. (அவரது அரசியலில் எமக்கு உடன்பாடில்லாதனவும் உண்டு, அது வேறு பேச்சு.)

"மூன்று உயிர் போன நாள் என்று நீரே சொல்லுகிறீரே!" என்று முதியவர் எம்மை மடக்கினார். யாம் வாய் திறக்குமுன் சுவர்ப்புறமிருந்து குரல் வந்தது.

"துப்பாக்கியைப் பிடித்தது நாளா, தாத்தா?"

கேட்டவள் மெல்ல எழுந்தமர்ந்து, பிள்ளையைத் தன்னிடம் கொடுக்கும்படி கை நீட்டினாள்.