ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும் பவளம்

“கடல் முன்னொரு காலத்தில் இன்றைவிட உயர்ந்திருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு இப்போதைய உயர்வுக்கு ஏன் இத்தனை கவலை?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சான்றைத் தந்த பவளத்தை முழுமையாக வாசித்தால் விடை வேறாக வருகிறது.

நான் ஆய்வு செய்வது திருவனந்தபுரத்தில்; என் மனம் பெரும்பாலும் திரிவது பாம்பன் கரையில். அங்கே அலை எட்டாத உயரத்தில் செத்துப்போன பவளத்திட்டு நிற்கிறது. யாழ்ப்பாணத்தார் முருகைக்கல் என்பது இவ்வகைக் கல்லைத்தான். 1972இல் டேவிட் ஸ்டாடர்ட்டும் சி. எஸ். கோபிநாத பிள்ளையும் இராமநாதபுரக் கரையின் இந்த உயர்ந்த திட்டுகளைப் பற்றி எழுதினர். வயது ஏறத்தாழ 4000 ஆண்டுகள்.

பவளம் அளவுகோலாவது எப்படி? வற்றுக்கடலிலும் நீருக்குள் இருக்கும் பகுதியே உயிர் வாழும். மேலே தலை நீட்டினால் வெயிலில் மடியும். ஆகவே சில பவளங்கள் மேல்நோக்கி வளர இயலாமல் பக்கவாட்டில் பரந்து, தட்டையான வட்டங்களாகின்றன. மைக்ரோ அட்டால் என்போம். குறுக்கே அறுத்து எக்ஸ் கதிரில் பார்த்தால் மர வளையங்களைப் போல ஆண்டு வரிகள் தெரியும். நீர் தாழ்ந்த ஆண்டும் உயர்ந்த ஆண்டும் அந்த மேல்விளிம்பின் வடிவத்திலேயே பதிந்திருக்கும். வயதைச் சொல்வது யுரேனியம். கடல்நீரிலுள்ள யுரேனியத்தைப் பவளம் தன் எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. தோரியத்தை அநேகமாகச் சேர்ப்பதில்லை. பின்னாளில் காணப்படும் தோரியம், யுரேனியம் சிதைந்து பிறந்தது. இதில் ஒரு நிபந்தனை உண்டு: எலும்பு தன் மூலக் கனிமமான அரகோனைட்டாகவே இருக்க வேண்டும். சோதனையில் கால்சைட் தென்பட்டால், எத்தனை அழகான துண்டானாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

உயரமும் வயதும் கிடைத்துவிட்டன. ஆயினும் கடல் இறங்கியதா, நிலம் ஏறியதா என்று ஒற்றைப் பவளம் சொல்லாது. சிக்கலே இங்குதான்.

2004 டிசம்பர் 26 அன்று மத்திய அந்தமானுக்கு மேற்கே உள்ள இன்டர்வியூ தீவில் பவளத்திட்டுகள் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து வெளுத்து மடிந்தன. அதே நாளில் போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கிக் கடல்நீரில் நின்றது. கடல் எங்கும் இறங்கவில்லை, நிலத்தட்டு அசைந்தது. எங்கள் ஊர் ஆக்குளத்திலிருந்த புவி அறிவியல் ஆய்வு மையத்தின் சி. பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் முதலியோர் அத்தீவுகளின் அசைவையும், அதற்கு முந்தைய நிலநடுக்கங்களின் தடயங்களையும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். நடுக்கத்தால் உயர்ந்த பவளத்துக்கு அடையாளம் உண்டு: ஒரு தீவு ஏறும், மற்றொன்று இறங்கும், இடத்துக்கு இடம் அளவு மாறும்.

பாம்பன் கதை வேறு. இலங்கையின் தென்மேற்கே அக்குறளையிலும் நிலத்துக்குள் பழம்பவளங்கள் இருக்கின்றன. பனிப்படலங்களுக்குத் தொலைவான வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் சற்று உயர்ந்திருந்த தடயம் உண்டு. இத்தனை கரைகளையும் ஒரே காலத்தில் எந்த நிலநடுக்கமும் தூக்கியிருக்க முடியாது. பெரும்பனி உருகி முடிந்தபின் நீரின் கனத்தால் கடற்படுகை அமிழ்ந்தது. பழைய பனிநிலங்களைச் சூழ்ந்து புடைத்திருந்த பகுதிகள் தாழ, நீர் அங்கே இழுபட்டது. நம் கரைகளில் கடல் மெல்ல இறங்கியது.

எவ்வளவு மெல்ல? ஏறத்தாழ ஒரு மீட்டர், 4000 ஆண்டுகளில். ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டர். 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் உலகச் சராசரி உயர்வு ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல். திசையும் எதிர், வேகமும் பத்து மடங்குக்கு மேல். நண்பரின் கேள்விக்கு என் விடை இந்த இரண்டு எண்களே.

வலியதுறையில் வீடிழந்தவர்களிடம் இந்தக் கணக்கை நீட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அங்கே கரையைத் தின்பதில் மணல் பெயர்வுக்குப் பெரும் பங்கு உண்டு. பவளத்தைக் கொண்டு அதை விளக்க முடியாது. பாம்பன் கரையைப் பற்றியே என் கவலை. சுண்ணாம்புக்கும் சுவருக்கும் கல்லெடுத்த பழக்கத்தில் முருகைக்கல் நெடுங்காலம் வெட்டப்பட்டது. 2001இல் கற்பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதற்கு முன்பே சூளைக்குப் போனவற்றின் ஆண்டு வரிகளை இனி எவராலும் எண்ண முடியாது.